பாதி நிரப்பிய பேனா

எனக்குப் பிறகு தொழிற்சங்க அலுவலகத்தில் சுருக்கெழுத்தாளராகச் சேர்ந்த சுபாஷிணி போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். முதல்முறையாக விமானம் ஏறப்போகிறாள். சிங்கப்பூரில் ஏதோ மாநாடாம். கைப்பையிலிருந்து ஒரு மைப்பேனாவைத் துணியோடு எடுத்து மேசையில் வைத்தாள். யார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். கொடுத்தவரும் சிங்கப்பூரில்தான் வேலை செய்கிறாராம். அதைச் சொல்லும்போது பேனாவைப் பார்த்துத்தான் சொன்னாள், என்னைப் பார்க்கவில்லை.

"மிஸ், பிளேன்ல போனா இது ஒழுகுமாமே? நீங்க அந்தக் காலத்துலயே பேனாவோட பறந்தவங்கன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. என்னா செய்யணும்னு சொல்லுங்க."

அந்தக் காலத்திலேயே பறந்தவள் என்று கேட்க நன்றாகத்தான் இருந்தது. நான் பறந்ததெல்லாம் கொழும்புப் பக்கத்து ரத்மலானையிலிருந்து திருச்சிவரை, அதுவும் விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகள். அவளுக்கு வேண்டிய பதிலை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம், சொல்லியும்விட்டேன். ஆனால் அந்த இரண்டு வாக்கியம் எனக்குக் கிடைத்த கதை அவ்வளவு சின்னதல்ல. அவள் போனதிலிருந்து அது என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் அப்பா இலங்கை மலைநாட்டில், நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கிளாக்கர். தோட்டத்துக் கணக்கெல்லாம் அவர் கையில், வீட்டுக் கணக்கு மட்டும் அம்மா கையில். நான் ஹட்டனில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தேன். படிப்பு முடிந்ததும் பஸ் ஸ்டாண்டைப் பார்த்த ஒரு மாடியறையில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றேன். ஐம்பதுகளின் தொடக்கத்தில் சங்க அலுவலகத்தில் வேலை கிடைத்தது. "கல்யாணம் ஆகிற வரைக்கும் போகட்டும்" என்றார் அப்பா. கல்யாணம் வரவில்லை, பென்ஷன்தான் வந்தது.

எங்கள் செயலாளர் சபாபதி ஐயாவைப் பற்றிச் சொல்லாமல் என் வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. கதர் ஜிப்பாவுக்கு மேல் தடித்த கம்பளிக் கோட்டு, வேட்டிக்குக் கீழே காலுறை, அதற்கும் கீழே செருப்பு. குடை எப்போதும் கையிலேயே இருக்கும், அலுவலகத்துக்குள் நடக்கும்போதும். ஹட்டன் மழையை நம்பி அதைக் கீழே வைக்க முடியாது என்பார். ஜன்னலோரம் நின்று, பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டுதான் கடிதம் சொல்வார். ரயில் ஊதினால் நிறுத்துவார். ஊதி முடிந்ததும் விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவார். "எங்க விட்டேன்?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நானும் "எங்க விட்டீங்க?" என்று கேட்கக்கூடாது. கேட்டால் திட்டமாட்டார். ஒரு பார்வை பார்ப்பார், அதற்குத் திட்டே தேவலை.

ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கு மும்முரம். தோட்டங்களிலிருந்து, ராகலைப் பக்கத்திலிருந்துகூட, ஆட்கள் முறைப்பாட்டோடு வருவார்கள். ஒருவரை உட்காரவைத்து ஐயா கேள்வி கேட்பார். அவர் சொல்வதை நான் அப்படியே எழுத வேண்டும், எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும். "நான் இப்புடிச் சொல்லலீங்களே" என்று அவர் சொன்னால், பழைய வரியை அடிக்காமல் கீழே புதிதாக எழுத வேண்டும். கடைசியில் மை காயும்வரை யாரும் எழுந்திருக்கக்கூடாது. இது ஐயாவின் சட்டம். ஹட்டன் ஈரத்தில் மை லேசில் காயாது. கங்காணியை வெட்டிவிடுவேன், துரையைக் குத்திவிடுவேன் என்று கொதித்துக்கொண்டு வந்த ஆள் அந்தத் தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

"மை காயட்டும், தம்பி. காஞ்சதுக்கப்புறமும் இதே கோவம் இருந்தா கேஸ் போடுவோம்" என்பார் ஐயா. அநேகமாக இருக்கும். சிலருக்கு இருக்காது, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

பென்சில் எங்கள் அலுவலகத்தில் ஆகாத சாமான். எனக்கு முன்னால் இருந்தவர் பென்சிலால் எழுதிய குறிப்பை ஒரு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் தூக்கிக் காட்டி, இதை யாரும் அழித்து எழுதலாமே என்று சிரித்தாராம். அன்றோடு ஐயா பென்சில்களை எல்லாம் அள்ளித் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். ஆகவே எல்லாம் மை. சுருக்கெழுத்திலோ ஒரே கோடு மெல்லிசாக இருந்தால் ஒரு சத்தம், தடிப்பாக இருந்தால் வேறு சத்தம். அழுத்தினால் விரிந்து, விட்டால் ஒடுங்குகிற மென்மையான நிப்பு வேண்டும். அப்படிப்பட்ட நிப்பு எளிதில் சண்டித்தனம் பண்ணும். அதனால் எனக்குப் பேனாக்கடையோடு சகவாசம் ஏற்பட்டது.

கடைத்தெருவில் புத்தகமும் எழுதுபொருளும் விற்கிற கடை அது. அங்கே பேனாப் பெட்டிக்குப் பின்னால் நின்றவர் முத்துவேல். முதலாளியின் தங்கை மகன், சின்ன வயதிலேயே புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கடைக்கென்று கூட்டிவரப்பட்டவர். என்னைவிட இரண்டு மூன்று வயது கூடுதலாக இருக்கும். இத்தனை வருடம் மலையில் இருந்தும் குளிர் பழகாத ஆள். ஸ்வெட்டருக்குள் கழுத்து இருக்கிறதா என்று தேட வேண்டும். சட்டைப் பையில் மை ஒற்ற மடித்த பிளாட்டிங் பேப்பர் ஒன்று எப்போதும் இருக்கும். கொழும்பு ரயில் வந்து கொஞ்ச நேரத்தில், பையில் படுக்கவைத்துக் கொண்டுவந்த பேனா ஒழுகி, விரலெல்லாம் நீலமாக யாராவது கடைக்கு வருவார்கள். இவர் பேப்பரை நீட்டிவிட்டுத்தான் வாங்க என்பார்.

என்னைக் கண்டால், "பேனா நல்லாருக்கா மிஸ்?" என்பார். நான் நன்றாக இருக்கிறேனா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"ஒழுகுது" என்பேன். பாதி நாள் அது பொய். ஒழுகாத பேனாவை அவர் கழற்றிக் கழுவித் துடைத்து, என் கையெழுத்தைப் போல ஒரு வளைவு போட்டுப் பார்த்து, "இப்ப சரியாயிடுச்சு" என்று கொடுப்பார். சரியாக இருந்ததுதான் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் நான் மழையில் நனைந்து போனேன். இதை இப்போது எழுதும்போதும் எனக்கு முகம் சுடுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

தொழிலாளர் பிரச்சினை பற்றிப் பேச ஐயா திருச்சிக்குப் போக வேண்டியிருந்தது. குறிப்பெடுக்க நானும். எங்கள் இருவருக்கும் அதுதான் முதல் விமானம். சித்தி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். நான் பேனாக்களை எடுத்துக்கொண்டு முத்துவேலிடம் போனேன்.

அவர் யோசித்தார். கீழேயிருந்து மேலே வருகிற கொழும்புப் பேனாதான் ஒழுகுகிறது. ஹட்டனிலிருந்து கீழே போகிற நம் பேனா ஒழுகியதாக யாரும் வந்து சொன்னதில்லை.

"நம்ம பேனா மலையில நிரப்புனது மிஸ். அதுக்கு உயரம் பழக்கம். கொஞ்சம் இடம் விட்டு நிரப்பித் தர்றேன், மை பொங்குனாலும் உள்ளயே இருக்கும்."

கடையில் நின்ற எல்லாரும் தலையாட்டினார்கள். கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் நம் ஏற்றத்தில் மூச்சு வாங்கும், நமக்கு வாங்காது. பேனாவுக்கும் அப்படித்தானே? மலைநாட்டில் யாரைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். மூன்று பேனாவையும் பாதிக்கு மேலாக நிரப்பித் தந்தார். இரண்டு என் கைப்பையில், ஒன்று ஐயாவின் ஜிப்பாப் பையில்.

கொழும்புவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. நிம்மதியாக விமானத்தில் ஏறினோம். காதுக்குப் பஞ்சு கொடுத்தார்கள், வாய்க்கு மிட்டாய் கொடுத்தார்கள். ஐயா குடையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டார். விமானம் குலுங்கிக் குலுங்கி மேலே ஏறியது. கொஞ்ச நேரத்தில் ஐயா மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, நெஞ்சு குளுருது."

எனக்கு உயிரே போய்விட்டது. பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, இவருக்கு நெஞ்சில் ஏதோ செய்கிறது என்று அரைகுறை ஆங்கிலத்தில் கத்தினேன். அந்தப் பெண் ஓடிவந்து கோட்டை விலக்கினாள். வெள்ளை ஜிப்பாவில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம். கீழே இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. என் கைப்பையைத் திறந்தேன், அதற்குள்ளும் அதே கதி. திருச்சியில் இறங்கியதும் வரவேற்க வந்தவர்கள் ஐயாவுக்கு ஒரு பெரிய சாமந்தி மாலை போட்டார்கள். மறைப்புக்கு அது கிடைத்ததென்று சாயங்காலம்வரை அவர் கழற்றவேயில்லை. மாலையோடேயே சாப்பிட்டார். எவ்வளவு பணிவான மனிதர் என்று அந்த ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஊர் திரும்பியதும் ஐயா நேரே கடைக்குப் போனார். "தம்பி, உங்க பேனா என் நெஞ்சுல இலங்கைப் படம் வரைஞ்சிருச்சு. யாழ்ப்பாணம் மட்டும் கொஞ்சம் கோணல்" என்றார். அவருக்கு அது வேடிக்கை. முத்துவேல் சிரிக்கவில்லை. என்னிடம் மட்டும், "உயரம் பழக்கம்னு சொன்னேனே மிஸ்" என்றார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க எனக்கு ஆகவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் நாவலப்பிட்டியில் விசாரணை. நானும் ஐயாவும் காலை ரயிலில் ஏறினோம். கடைக்கு வந்த சரக்கை எடுக்க முத்துவேலும் அதே பெட்டியில் ஏறினார். தற்செயல் என்று அன்று நினைத்தேன். ஐயா பத்திரிகையை முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்துவிட்டார். முத்துவேல் பையிலிருந்து ஒரு சின்ன மருந்துப் போத்தலும், உடம்பு கண்ணாடியாகத் தெரிகிற ஒரு பேனாவும் எடுத்தார். போத்தலில் தண்ணீர். பேனாவில் ஒன்றுமில்லை, வெறும் காற்று. நிப்பைத் தண்ணீருக்குள் விட்டு, போத்தலின் வாயைப் பஞ்சால் அடைத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"ரயில் எறங்க எறங்க என்ன ஆகுதுன்னு பாப்போம் மிஸ்."

ரொசெல்லவில் ஒன்றுமில்லை. வட்டவளையில் நிப்புக்கு மேலே ஏதோ மினுங்கியது. கலபொடவில் தெளிவாகத் தெரிந்தது. தண்ணீர் பேனாவுக்குள் ஏறி நின்றது, நகக்கண் அளவுக்கு. யாரும் நிரப்பவில்லை. பேனாவே குடித்திருந்தது.

சாயங்காலம் திரும்பும்போது பேனாவை உதறிக் காலியாக்கி மறுபடி தண்ணீரில் விட்டார். ரயில் மூச்சு வாங்கி வாங்கி ஏறியது. பெட்டி குலுங்கியதால் நானும் போத்தலைப் பிடித்துக்கொண்டேன். பார்க்கத்தான் பிடித்தேன் என்று சொல்லலாம், யார் நம்புவார்கள்? நிப்பின் ஓரத்தில் ஒரு குமிழி உருண்டு, தயங்கி, மேலே வந்து உடைந்தது. பிறகு இன்னொன்று. நாங்கள் மூச்சே விடவில்லை.

"குமிழி வந்துச்சா?" என்றது பத்திரிகைக்குள்ளிருந்து ஐயாவின் குரல்.

இருவரும் போத்தலை விட்டுவிட்டோம். அது என் மடியில் கவிழ்ந்தது. நல்லவேளை, தண்ணீர்தான்.

முத்துவேல் அன்று விளக்கியதை இப்போதும் அதே சொற்களில் சொல்வேன். "கீழ எறங்கும்போது பேனா கீழக் காத்தை உள்ள இழுத்துக்குது. ஹட்டன்ல நிரப்புனா என்ன, எங்க நிரப்புனா என்ன, கொழும்பு போறதுக்குள்ள அதுவும் கொழும்புப் பேனா ஆயிடுது. மேல போகும்போது அந்தக் காத்து வெளிய வரப் பாக்கும். வழியில மை நின்னா மையையும் தள்ளிக்கிட்டு வரும். அதனால உள்ள காத்தே இருக்கக்கூடாது, இல்லாட்டி மையே இருக்கக்கூடாது. முழுசா நிரப்பணும், இல்ல முழுசாக் காலி பண்ணணும். பாதிதான் மிஸ் ஒழுகும்."

அதிலிருந்து ரத்மலானையில் என் வேலை ஒரு பூசை மாதிரி. ஹட்டனிலிருந்து பேனாவைக் காலியாகத்தான் கொண்டுபோவேன். விமானம் ஏறக் கூப்பிடுவதற்குச் சற்று முன்னால், மைப் போத்தலைத் திறந்து, ஃபில்லரால் பேனாவின் வாய்வரை நிரப்புவேன். சுண்டிச் சுண்டிக் குமிழியை மேலே வரவழைத்து, அந்த இடத்துக்கும் ஒரு சொட்டு விடுவேன். கழுத்தைத் திருகும்போது மை கொஞ்சம் பிதுங்கி வழிய வேண்டும். வழிந்தால்தான் உள்ளே காற்று இல்லை என்று அர்த்தம். அதைத் துடைத்து, மூடியை மாட்டி, நிப்பு வானத்தைப் பார்க்க நிறுத்திவிட வேண்டும். நிறுத்திவைப்பதற்கு முத்துவேல் ஒரு பழைய டார்ச் லைட்டின் உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, அடியில் பஞ்சு வைத்து ஒரு கூடு செய்து தந்தார். விமானம் ஏறி மட்டமாகப் பறக்கும்வரை மூடியைத் தொடக்கூடாது. தொட்டாலும் நிப்பு மேலே பார்த்தபடியே திறந்து, அது ஒரு மூச்சு விட்ட பிறகுதான் சாய்க்க வேண்டும். அதன்பின் நான் போன எந்தப் பயணத்திலும் ஒரு சொட்டு சிந்தியதில்லை. ஐயாவின் ஜிப்பாவும் பிழைத்தது.

பேனா ஒழுகாத பிறகு, ஒழுகுது என்று கடைக்குப் போகவும் எனக்கு வாய் வரவில்லை. கண்டுபிடித்தவரிடமே போய் எப்படிச் சொல்வது? மை வாங்கப் போனேன். தேவைக்கு மேல் வாங்கினேன். என் மேசை லாச்சியில் மைப் போத்தல் சேர்ந்துகொண்டே போனது.

அந்த வருடங்களில்தான் முத்துவேலின் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கடைத்தெருவில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருந்த பலருக்கும் அதே கதி. அவர் ஹட்டனில் இருப்பாரா போவாரா என்பது ஒன்றுதான் அப்போது என் கவலை. காலையில் அதோடுதான் எழுந்தேன்.

ஐயாவிடம் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார்.

"அவரு கடைக்காரரு, அம்மா. தோட்டத் தொழிலாளி இல்ல. இது நம்ம சங்கத்து வேல இல்ல."

"தெரியுங்க ஐயா."

"தெரிஞ்சா ஏன் கேக்குற?"

 ரயில் ஊதியது. ஊதி முடியும்வரை நின்றார். பிறகு குடையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி, "எழுதிக்க" என்றார்.

என் வேலைக்காலத்தில் அதைவிடக் கஷ்டமான குறிப்பு நான் எடுத்ததில்லை. மனுதாரர் சின்ன வயதிலிருந்து இங்கே வாழ்கிறார், இவருக்கு வேறு ஊர் தெரியாது, இவர் தொழிலை இவ்வூர் மக்கள் சார்ந்திருக்கிறார்கள் என்று ஐயா சொல்லிக்கொண்டே போனார். இவ்வூர் மக்களில் யார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் எழுதவில்லை. தட்டச்சு செய்யும்போது ஒரு எழுத்துக்கூடப் பிசகக் கூடாதென்று திரும்பத் திரும்ப அடித்தேன். கொஞ்ச காலம் நீட்டித்தார்கள். அது முடிந்ததும் மறுபடி எழுதினோம். மறுபடி கொஞ்சம். ஐயாவே கொழும்பில் குடிவரவு அலுவலகப் படியேறி நின்றார். யாருக்காகவும் காத்துக்கிடக்காத மனிதர், அங்கே குடையை மடியில் வைத்துக்கொண்டு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். கடைசியில் முடியாது என்றே வந்தது. ஐயா அதை வாசித்து, என்னிடம் தராமல், தானே கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

போவதற்கு முந்தின நாள் நான் மை வாங்கப் போனேன். அவர் பேனாப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"திருச்சியில ஒரு கடையில எடம் இருக்குன்னு ஊர்லேருந்து எழுதியிருக்காங்க" என்றார். பிறகு, "அங்க மழை கம்மி. மலையும் இல்ல. உங்களுக்கெல்லாம் புடிக்காது மிஸ்."

"பழகுனா புடிக்கும்தானே" என்றேன்.

அவர் துடைப்பதை நிறுத்தினார். "ஒங்க அப்பா இப்பத்தானே இலங்கைப் பிரஜாவுரிமை வாங்கியிருக்காங்க. எத்தனை வருஷம் அலைஞ்சு வாங்குனது. ஒரு தடவை விட்டுட்டுப் போனா…"

அவர் முடிக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. அப்பா அந்தப் பத்திரத்தைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது என் கண்முன் வந்தது. வா என்று அவர் முழுசாகச் சொல்லவில்லை, வருகிறேன் என்று நானும் முழுசாகச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் இருவரும் சொல்லவில்லை. அவரே எனக்குச் சொல்லித்தந்ததுதான், பாதியில் நிறுத்தினால் என்னாகும் என்று. தெரிந்தும் இருவரும் பாதியிலேயே நிறுத்தினோம்.

"ஒங்க பேனாவ நிரப்பிட்டுப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல மிஸ். காலியாத்தான் போறேன்."

அதன்பின் கடைக்குள் நான் போனதில்லை. லாச்சியில் இருந்த மையே எனக்குப் பல காலம் போதுமாயிருந்தது. தீபாவளிக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும், அலுவலக முகவரிக்கு, ஐயாவுக்கும் எனக்கும் சேர்த்து ஒன்று. அந்த அட்டையின் எழுத்தை மட்டும் நான் அதிக நேரம் பார்ப்பேன். மை திட்டுத் திட்டாக விழாமல் சீராக ஓடியிருக்கும். நன்றாக இருக்கிறார் போல என்று நினைத்துக்கொள்வேன்.

அறுபதுகளின் நடுவில் ஐயாவோடு மறுபடி திருச்சிக்குப் போனேன். எங்கள் ஜனங்களில் எத்தனை பேர் இந்தியாவுக்குப் போவது, எத்தனை பேர் இலங்கையில் இருப்பது என்று இரண்டு நாட்டுப் பெரியவர்களும் பேசிக்கொண்டிருந்த காலம். குறிப்பெடுக்க நிறைய இருந்தது. ரத்மலானையில் என் பூசையை ஒரு குறையில்லாமல் செய்தேன். இன்னும் சொன்னால், அன்றைக்குப் போல ஒரு நாளும் அவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை. டார்ச் லைட் கூட்டை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே போனேன்.

திருச்சியில் இறங்கி வெளியே வந்தோம். வெயிலில் கண் கூசியது. வேலியோரம் ஸ்வெட்டர் இல்லாமல் ஒருவர் நின்றார். கழுத்து தெரிந்ததால் எனக்கு அடையாளம் பிடிபடக் கொஞ்சம் நேரமாயிற்று. முத்துவேல். ஐயாதான் கடிதம் போட்டிருக்கிறார், என்னிடம் மூச்சுவிடவில்லை. அவர் கையில் மடித்த பிளாட்டிங் பேப்பர் இருந்தது. ஹட்டன் கடையில் கொழும்பு ரயில் நேரத்தில் நிற்பது போலவே நீட்டிக்கொண்டு நின்றார்.

"பேனா நல்லாருக்கா மிஸ்?"

"நல்லாருக்கு."

"ஒழுகலையா?"

"இல்லங்க."

"இன்னமும் இந்த டார்ச்சுலதான் வச்சிருக்கீங்களா?" என்று கூட்டைத் தொட்டுப் பார்த்தார். ஐயா பக்கத்தில் குடையை ஊன்றி நின்றார். என்னைப் பார்க்கவில்லை, எங்கோ தூரத்தில் நின்ற விமானத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"நல்லாப் பாரும்மா. ஒண்ணு ரெண்டு சொட்டாவது ஒழுகியிருக்கும்."

நான் கூட்டைத் திறந்தேன். பேனாவை எடுத்து, நிப்பு மேலே பார்த்தபடி மூடியைக் கழற்றி, முத்துவேல் சொல்லித்தந்த மாதிரியே ஒரு மூச்சு நேரம் பொறுத்தேன். நிப்பு சுத்தமாக இருந்தது. மூடியின் உள்பக்கம்கூடச் சுத்தம். ஹட்டனில் ஒழுகாத பேனாவை ஒழுகுது என்று எத்தனையோ தடவை சொன்னவள் நான். அன்றைக்குப் பார்த்து எனக்கு உண்மை பேச வேண்டியிருந்தது.

"ஒரு சொட்டுகூட இல்லங்க" என்றேன். அதில் ஒரு பெருமை வேறு. நீங்கள் சொன்னபடி அப்படியே செய்திருக்கிறேன், பாருங்கள் என்று காட்டுகிற பெருமை.

"அப்ப சரி மிஸ்" என்றார். பிளாட்டிங் பேப்பரை ஏற்கெனவே இருந்த மடிப்பிலேயே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எங்களை அழைக்க வந்த கார் ஒலியெழுப்பியது. ஐயா இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு, "வாம்மா" என்றார். காரில் ஏறிய பின் ஊருக்குள் போய்ச் சேரும்வரை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

அடுத்த தை மாதம் முத்துவேலுக்குக் கல்யாணம். பத்திரிகை ஐயாவுக்கும் எனக்கும் சேர்த்து ஒன்றாக வந்தது.

அன்று நான் ஒழுகுது என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒன்றும் நடந்திருக்காது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேனாவை வாங்கியிருப்பார், ஓரமாக உட்கார்ந்து கழற்றித் துடைத்திருப்பார், என் கையெழுத்தைப் போல ஒரு வளைவு போட்டுப் பார்த்திருப்பார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். கார் காத்திருக்கும். ஐயா எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பார். அந்தக் கால் மணி நேரத்தில் ரயிலில் பிடித்த போத்தலைப் பற்றியாவது பேசியிருப்போம். இப்போது எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை. அந்தக் கால் மணி நேரம் மட்டும் வேண்டும்.

சுபாஷிணிக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். முழுசாக நிரப்பு, இல்லாவிட்டால் முழுசாகக் காலி பண்ணு, நிப்பு மேலே இருக்கட்டும். அவள் தலையாட்டி எழுதிக்கொண்டாள். படியிறங்கியவளைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"அங்க ஏர்போட்டுக்கு அவரு வருவாரா?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "வாறேன்னு சொல்லியிருக்காரு மிஸ்."

"அப்ப நான் சொன்னதெல்லாம் விடு. பாதி நிரப்பிக்கிட்டுப் போ."

"ஐயோ, பாதின்னா ஒழுகுமே மிஸ்!"

"ஒழுகட்டும்" என்றேன்.